ஜாக்கெட் கை மட்டும் ஏன் பத்தவில்லை? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த முறை கைச் சதை பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாணுக்குள் இத்தனை கவலையா என்று எனக்கே ஆச்சரியம். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

டாக்டரம்மா, எனக்கு 41 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் 94 கிலோ இருந்தேன். நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று போராடி இப்போது 66. முகம், இடுப்பு எல்லாம் இறங்கிவிட்டது, கை மட்டும் காற்றுப் போன பலூன் மாதிரி தொங்குகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் டெய்லர் பழைய ஜாக்கெட்டை எல்லாம் உடம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு, "அக்கா, கை லூஸ் மட்டும் பழைய அளவே வெச்சிருக்கேன்" என்றார். டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கவே கூச்சம். ஆறு மாதமாகத் தினமும் டம்பெல் தூக்குகிறேன். ஆபரேஷன்தான் வழியா? – வாசகி, அம்மாபேட்டை

28 கிலோவுக்கு முதலில் ஒரு சபாஷ், அது சாதாரண வேலை இல்லை. உங்கள் டெய்லர் டேப் வைத்துச் சொன்னதைத்தான் நானும் கிள்ளிப் பார்த்துச் சொல்லப்போகிறேன். நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மேல்நோக்கி மடக்குங்கள். அடியில் தொங்குவதை மறு கையின் இரண்டு விரலால் கிள்ளுங்கள். பஞ்சுத் தலையணை மாதிரி தடிமனாக அகப்பட்டால் அது கொழுப்பு. இரண்டாக மடித்த துணி மாதிரி மெல்லிசாக வந்தால் வெறும் தோல். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது.

டம்பெல் வீண் என்று சொல்லவில்லை. மேல்கையின் தசையில் பாதிக்கு மேல் பின்பக்கத்து டிரைசெப்ஸ்தான், அது வளர்ந்தால் கைக்கு ஒரு உருவம் வரும், எலும்புக்கும் நல்லது. ஆனால் தோல் என்பது தசை இல்லை. வருஷக்கணக்கில் இழுபட்ட எலாஸ்டிக் இடுப்பை விட்டு வழுகுவது மாதிரி, விரிந்து கிடந்த தோலின் நார்கள் 40 வயதுக்கு மேல் முழுசாகத் திரும்புவதில்லை. இதற்கு எண்ணெய் மசாஜ், கிரீம், சூட்டு மெஷின் எதுவும் சரிப்படாது. அதிகமாக இருக்கிற தோலை எடுத்தால்தான் உண்டு. அந்த ஆபரேஷனுக்குப் பெயர் பிராக்கியோபிளாஸ்டி. 1954-லேயே அர்ஜென்டினாவில் இரண்டு டாக்டர்கள் இதை அழகுக்கான ஆபரேஷனாக எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வெட்டும் இடம், தைக்கும் முறை எல்லாம் எவ்வளவோ மாறிவிட்டது, தழும்பு மட்டும் போகவில்லை.

அந்தத் தழும்பைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். தொங்கலைக் கொடுத்துவிட்டு ஒரு கோட்டை வாங்குகிறீர்கள். வியாபாரம் அவ்வளவுதான், இதில் தள்ளுபடி கிடையாது. கோடு அக்குளில் ஆரம்பித்து முழங்கை வரை வரும். சிலர் கையின் உள்பக்கத்தில் வைப்பார்கள், கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது தெரியாது. சிலர் பின்பக்கம் தள்ளி வைப்பார்கள், உங்களுக்குத் தெரியாது, பின்சீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கே வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். தளர்ச்சி அக்குளை ஒட்டி மட்டும் இருந்தால் தழும்பை அக்குள் மடிப்புக்குள்ளேயே முடித்துவிடும் சின்ன ஆபரேஷன் ஒன்றும் உண்டு, ஆனால் 28 கிலோ குறைத்தவர்களுக்கு அது பெரும்பாலும் போதாது. சின்னத் தழும்பு என்ற ஆசையில் அதைச் செய்துகொண்டு, முழங்கைப் பக்கம் அப்படியே தொங்குகிறது என்று திரும்ப வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் அன்று காலையில் உங்களை உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, பேனாவால் கோடு போடுவோம். மயங்கிப் படுத்த பிறகு போட்டால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும், அளவு தப்பும். டெய்லர் துணியை ஒரேயடியாக வெட்டலாம், எங்களால் முடியாது. மேஜையிலேயே கை வீங்க ஆரம்பிக்கும், மொத்தமாக வெட்டிவிட்டால் மூடுவதற்குத் தோல் பத்தாமல் போகலாம். அதனால் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தைத்து, அப்புறம் அடுத்த கொஞ்சம். அக்குளில் நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கிக் கையைத் தூக்கவிடாது, அங்கே வளைத்தோ 'இசட்' போலவோ தைப்போம். இரண்டு கைக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இன்னும் ஒன்று. 66-லேயே நிற்கப்போகிறீர்களா, 60 வரை போகப்போகிறீர்களா? எடை ஒரே இடத்தில் ஆறு மாதமாவது நின்ற பிறகு வாருங்கள். இன்னும் குறைந்தால் மறுபடி தொங்கும், ஏறினால் மறுபடி விரியும். நிறைய எடை குறைத்தவர்களுக்கு ரத்தத்தில் இரும்பும் புரதமும் குறைவாக இருப்பது சகஜம், அதைச் சரிசெய்யாமல் கத்தி வைத்தால் புண் ஆற மறுக்கும். முட்டையோ, பருப்போ, தயிரோ இப்போதே கூட்டிச் சாப்பிடுங்கள்.

எனக்கு 22 வயது, உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 58. நிச்சயதார்த்த போட்டோவில் கை குண்டாகத் தெரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொழுப்பைக் கரைக்கும் ஊசி போட்டால் ஒரு மாதத்தில் இறங்கிவிடும் என்று ஒரு பார்லரில் சொன்னார்கள். போட்டுக்கொள்ளலாமா? – பெர்லேண்ட்ஸ்

வேண்டாம் கண்ணு. உன் உயரத்துக்கு அந்த எடை சரியான எடை. போட்டோவில் கையை உடம்போடு அழுத்தி வைத்து நின்றால் யார் கையும் குண்டாகத்தான் தெரியும், சதை பக்கவாட்டில் பிதுங்கும். ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு நின்று பார்.

அந்த ஊசி விஷயம் சீரியஸ். கொழுப்புச் செல்லை உடைக்கும் டீஆக்சிகோலிக் ஆசிட் என்ற மருந்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-ல் அனுமதித்தது தாடைக்குக் கீழே இருக்கும் இரட்டை நாடிக்கு, கைக்கு இல்லை. பார்லர் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று போடுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். தோல் கறுத்து, கட்டி கட்டியாக, சீழ் வைத்து வருகிறவர்களைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். சொல்லும் அந்த "எல்லோரும்" யார் என்றும் ஒரு தடவை யோசித்துப் பார்.

ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம், நானும் ஆளோடு ஆளாக நின்று பறிப்பேன். வயது 47. இரண்டு கையிலும் தோல் தொங்கி, வேலை செய்யும்போது உரசி, மழைக்காலத்தில் அக்குள் ஓரம் புண்ணாகிவிடுகிறது. ஆபரேஷன் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டேன். எந்த மாதத்தில் செய்வது, எத்தனை நாள் சும்மா இருக்கணும்? – ஏற்காடு

கேள்வி கேட்கத் தெரிந்தவர் நீங்கள். "நல்லா இருக்குமா" என்று கேட்காமல் "எத்தனை நாள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நவம்பரில் பழம் சிவந்தால் பிப்ரவரி வரை கை ஓயாது, அப்புறம் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு. இரண்டுமே கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலை, ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் தடைபடுவதும் அதுதான். அதனால் மிளகு முடிந்து, கோடை விழாக் கூட்டமும் மலையிறங்கின பிறகு, ஜூன் வாக்கில் செய்துகொள்ளுங்கள். அடுத்த பறிப்புக்கு ஐந்து மாதம் இருக்கிறது, தாராளம்.

முதல் வாரம் மலைக்குப் போகாதீர்கள். சேலத்தில் அக்கா, தங்கை, சம்பந்தி யார் வீடாவது பார்த்து வையுங்கள். தைத்த இடத்துக்குள் ரத்தம் கட்டுவது என்றால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில்தான் கட்டும். ஒரு கை மட்டும் திடீரென்று கல்லு மாதிரி வீங்கி விண்விண் என்று தெறித்தால் நடுராத்திரியானாலும் உடனே வர வேண்டும், அந்த நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கி வருவது நடக்கிற காரியமா?

கட்டுப் பிரித்ததும் அழுத்தமான எலாஸ்டிக் சட்டை ஒன்று தருவார்கள், நாலு முதல் ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட்டிருக்க வேண்டும். ஏப்ரல் சேலத்தில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது தண்டனை, உங்கள் ஊர் ஜூன் குளிரில் ஸ்வெட்டர் மிச்சம். வளையல், மோதிரம் எல்லாம் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், விரல் வீங்கினால் அறுத்துத்தான் எடுக்கணும். முதல் பத்து நாள் தலை சீவி ஜடை போட ஆள் வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆபரேஷனை விட இதில்தான் பெண்கள் அழுகிறார்கள். கொடியில் துணி போடுவது, மேல் தட்டிலிருந்து டப்பா எடுப்பது, எல்லாம் மூன்று நாலு வாரம் கழித்து. குடம், மூட்டை, பேரப்பிள்ளை ஆறு வாரம் கழித்து. ஏணி ஏறுவதை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். சறுக்கினால் கை தானாக எதையாவது எட்டிப் பிடிக்கும், அந்த ஒரு இழுப்புக்கு அக்குள் தையல் தாங்காது. தையல் பிரிகிறது என்றால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும், ஈரமும் வேர்வையும் சேரும் இடம் இல்லையா.

உரசல் புண் இருக்கும்போது கத்தி வைக்க மாட்டோம். ஜூனுக்கு முன்னால் அதை ஆற்றிக்கொண்டு வாருங்கள்.

என் மனைவிக்கு 44 வயது, கை சதையை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். எவ்வளவு செலவாகும்? மெடிக்ளெய்ம் கிடைக்குமா? – சூரமங்கலம்

"எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றால் யார் சார் பார்ப்பது? அவர் எழுதியிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். முதல் கன்சல்டேஷனில் அவரைத் தனியாக உட்காரவைத்து, "இது உங்களுக்கு வேணுமா" என்று கேட்காமல் நான் பேனாவையே எடுப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷனை இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாகவே விலக்கி வைத்திருக்கின்றன. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு உருவத்தைச் சரிசெய்வது என்றால் வேறு. ஆக, கைக்காசுதான். மேலே ஜி.எஸ்.டி.யும் உண்டு. சாதாரண வைத்தியத்துக்கு இருக்கும் விலக்கு இதற்கு இல்லை. தொகையை நான் இங்கே எழுத மாட்டேன், கைக்குக் கை மாறும். ஆனால் ஆஸ்பத்திரியில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ரூம், அழுத்தச் சட்டை எல்லாம் சேர்த்துத்தானா என்று எழுதி வாங்குங்கள். தழும்பு தடித்தாலோ இரண்டு கையும் சமமாக வராவிட்டாலோ மறுபடி தொட வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகப் பணமா என்றும் அப்போதே கேளுங்கள். செய்கிறவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியோ அதே துறையில் டி.என்.பி.யோ படித்தவரா என்று போர்டில் பாருங்கள். "காஸ்மெட்டாலஜி" என்று மட்டும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

என் அம்மாவுக்கு ஐந்து வருஷத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனது, அக்குளில் கட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது இடது கை மட்டும் குண்டாகிக்கொண்டே போகிறது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்யலாமா? – ஓமலூர்

இந்தக் கடிதத்தை முதலில் போட்டிருக்க வேண்டும். தம்பி, அது சதை போட்டது இல்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு அந்தக் கையிலிருந்து நீர் வடிந்து போகும் பாதை குறைந்துபோகும், அதனால் வருகிற வீக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், லிம்ப்எடிமா என்போம். வலது கைக்குப் போகும் வளையல் இடது கைக்கு ஏறவில்லையா, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். அழகுக்கான ஆபரேஷன் எதுவும் அந்தக் கைக்குக் கூடாது, மிச்சமிருக்கும் பாதையும் அடைபடும்.

முதலில் ஆபரேஷன் செய்த புற்றுநோய் டாக்டரிடமே கூட்டிப் போங்கள். புதிதாக வீங்குகிறது என்றால் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லை என்று தெரிந்த பிறகு அழுத்தக் கட்டு, பயிற்சி, முறையான மசாஜ் என்று வைத்தியம் இருக்கிறது. அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை போடுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லுங்கள். வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

யாருக்கானாலும் சரி, ஒரு கை மட்டும் பெரிதாகிறது என்றால் அழகு டாக்டரிடம் வரும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

எனக்குத் தழும்பு தடித்து வரும் உடம்பு என்று அம்மா சொல்வார். ஆபரேஷனுக்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? – ஆத்தூர்

முடியும், டெஸ்ட் காசு கூட வேண்டாம். சட்டைக் கையை ஏற்றி இடது தோளைப் பாருங்கள். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருக்கும். தோலோடு அமுங்கி, லேசாகப் பள்ளமாக இருந்தால் நல்லது. ஊசி குத்தின இடத்தைத் தாண்டி, பளபளவென்று மேடாக வளர்ந்து, அரித்துக்கொண்டே இருந்தால் அது கீலாய்டு. காது குத்தின இடத்தில் உருண்டை வந்ததா, அம்மை வடு மார்பில் தடித்ததா என்றும் பாருங்கள். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது வெள்ளைத் தோலைவிட அதிகம். தோளிலேயே அப்படி வளர்ந்திருந்தால் அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்ட நானே தயங்குவேன். வேறு யாராவது "பார்த்துக்கலாம்" என்று சிரித்தால் அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

மூன்று மாதம் முன்பு வேறு ஊரில் கை ஆபரேஷன் செய்துகொண்டேன். கோடு சிவப்பாகக் கயிறு மாதிரி இருக்கிறது, முழங்கைக்குக் கீழே உள்பக்கம் மரத்தே கிடக்கிறது. செய்த இடத்தில் கேட்டால் "எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? – மேட்டூர்

ஏமாந்தீர்கள் என்று இப்போதே சொல்ல முடியாது. மூன்றாவது மாதம்தான் தழும்பு பார்க்கவே பிடிக்காத மாதம். சிவந்து, தடித்து, அரித்து இருக்கும், அப்புறம்தான் மெல்ல வெளுத்து அமுங்கும், முழுசாக அடங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். சிலிக்கான் ஷீட் கிடைக்கும், ஒரு நாளில் 12 மணி நேரமாவது ஒட்டி வையுங்கள், இரண்டு மூன்று மாதம் விடாமல். வெயிலில் காட்டாதீர்கள், கறுத்துவிடும். ஷீட் போட்டும் கோடு அகன்றுகொண்டே போனால் தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம்.

மரப்புக்குக் காரணம் சொல்கிறேன், அதைத்தான் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். முழங்கைக்கு மேல் உள்பக்கத்தில், ஆழம் அதிகம் இல்லாமல் ஒரு நரம்பு ஓடுகிறது, முன்கையின் உள்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது அதுதான். ஆபரேஷனில் அது இழுபட்டிருந்தால் மாதக்கணக்கில் ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், எறும்பு ஊர்வது போல இருந்தால் நல்ல அறிகுறி. அறுந்திருந்தால் ஒரு பகுதி மரத்தே நிற்கலாம். கை அசைவுக்கும் பலத்துக்கும் அந்த நரம்பு பொறுப்பில்லை, அதனால் வேலைக்கு ஆபத்து இல்லை. தொட்டால் ஷாக் அடிப்பது மாதிரி வலி இருந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை.

பசியைக் குறைக்கும் ஊசியை வாரம் ஒன்று போட்டு எடை குறைத்தேன். வைகாசி கடைசியில் கை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பால்குடம் வேண்டுதல் இருக்கிறது. எடுக்கலாம்தானே? – குகை

ஊசி விஷயத்தை உங்கள் மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னீர்களா? அந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், ராத்திரி பட்டினி கிடந்தும் வயிற்றில் சாப்பாடு இருக்கும், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் பெரிய வம்பு. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்வார், கடைசி ஊசி போட்ட தேதியை எழுதி எடுத்துப் போங்கள்.

பால்குடத்துக்கு வருவோம். வைகாசி கடைசி என்றால் ஜூன் பாதி. ஆடித் திருவிழா நேரத்துக்கு ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும், கணக்குப்படி கனம் தூக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பால்குடம் என்பது தூக்கி வைத்துவிட்டு வருவது இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேலே மடக்கிப் பிடித்தபடி, வேர்வையில், கூட்டத்தின் இடியில் நடப்பது. புதுத் தழும்புக்கு அது ஒத்துவராது. தேதியை ஆவணிக்குத் தள்ளினால் குடத்தை நீங்களே எடுக்கலாம். தள்ள முடியாது என்றால் இந்த வருஷம் உங்கள் வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் வேப்பிலையோடு நடந்து வாருங்கள்.